அட்டை அக்காவின் குண்டூசி

அட்டை அக்கா பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்ப்பாள். கிளினிக்கின் மடக்குக் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டதும் ஒரு தடவை. மூன்று படி இறங்கியபின் திரும்ப ஏறி ஒரு தடவை. தெருமுனையில் காத்திருக்கும் கணவரிடம் போய்ச் சேர்ந்து, "ஒரு நிமிஷங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து இன்னும் இரண்டு தடவை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். ஷூவைத் தேடும் பிள்ளைகளுக்காக முப்பது வருஷம் வாசல் வாசலாக நின்றவருக்கு, மனைவிக்காக ஐந்து நிமிஷம் நிற்பது பெரிய காரியமில்லை. விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார்.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, தேதி அச்சடித்தவன் யோக்கியனா என்று முகர்ந்தும் பார்ப்பாள். "கண்ணாடியில தெரியறது தன் முகந்தானான்னு கூட எங்கம்மாவுக்கு ஒரு சந்தேகம்" என்று, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் கேலி செய்வாள். அட்டை அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். பிறவிக் குணம், யார் என்ன செய்ய முடியும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அது பிறவிக் குணம் இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் டாக்டர்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கிளினிக்கின் முன்னறையில் டோக்கன் கொடுப்பதும் அட்டை எடுப்பதும் அவள் வேலை. பேஷண்ட் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அத்தனையும் அவள் நாற்காலிக்குப் பின்னால் உள்ள மர இழுப்பறைகளில் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். வேலைக்கு வந்தால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறாள், அதனால்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. வருகிறவர்களிடம், "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்பாள். "ரெண்டு நாளா" என்பார்கள். நான்கு என்று எழுதுவாள். பெரும்பாலும் நான்காகத்தான் இருக்கும்.

லேபிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தால், அதை உரியவருடைய அட்டையில் குண்டூசியால் குத்தி டாக்டர் மேசைக்கு அனுப்புவதும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏனோதானோவென்று குத்திய ஊசி டாக்டரின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு குத்து உண்டு. இடது மேல் மூலையில், சாய்வாக, முனை தாளுக்கும் அட்டைக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும்படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் அப்படித்தான் குத்துவாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் காலையில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று லிஃப்ட் மெக்கானிக்குடையது. ஒரு குறையும் இல்லாத ரத்தம். மற்றது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருடையது. வெள்ளை அணுக்களின் கணக்கு தாறுமாறாக இருந்தது, ரத்தப் புற்றாக இருக்கலாம். சாயங்காலம் அவர்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது தாள்கள் இரண்டும் அட்டை மாறி இருந்தன. வாத்தியார், "சத்து மாத்திரை போதும்" என்ற சொல்லைக் கேட்டு விசிலடித்துக்கொண்டு போனார். மெக்கானிக்கைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் டாக்டர். அங்கே அவருடைய முறை வரப் பதினோரு நாள் ஆயிற்று. பதினோரு நாளும் மனிதர் செத்துச் செத்துப் பிழைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்த ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று போன் வந்ததும் டாக்டர் இரண்டு அட்டைகளையும் கேட்டார். அட்டை அக்கா எடுத்துவந்து மேசையில் வைத்தாள். மெக்கானிக்கின் அட்டையில் வாத்தியாரின் தாள் இருந்தது. குத்துவது யார் வேலை?

"ஐயோ டாக்டர், நான் மாத்திக் குத்திட்டேனே."

டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"விடுங்க அக்கா" என்றார். "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அந்த நிமிஷமே வாத்தியாருக்கு ஆள் போனது. சிகிச்சை பலித்தது. இன்றைக்கும் அவர் அந்தத் தெருவழியே, "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டு போகிறார். மெக்கானிக்கிடம் லேபில் நடந்த தவறு என்று டாக்டர் சொன்னார். விஷயம் அதோடு மூடியது. அட்டை அக்காவுக்குள் மட்டும் மூடவில்லை. கட்டிய கணவரிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. தன் கையைத் தானே நம்பாமல் போனது அன்றிலிருந்துதான். பூட்டு, அடுப்பு, பால் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. டாக்டர் போட்ட பிச்சையில்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தாள். அவருக்கு முன்னால் வந்து அவருக்குப் பின்னால் போனாள். தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட அரை நாள்தான் லீவு எடுத்தாள். தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்படிப்பட்ட டாக்டர் ஒரு திங்கட்கிழமை, கடைசி பேஷண்ட் போனதும், அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த மாசக் கடைசியோட நான் வேலைய விடறேன்."

"வேற இடத்துல கிளினிக் போடறீங்களா டாக்டர்?"

"இல்ல. வைத்தியத்தையே விடறேன். எழுதப் போறேன். மேடையில ஏறிச் சிரிக்க வைக்கப் போறேன்."

"யாரை?"

"வர்றவங்கள."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தப்பான ஊசி போட்டுவிட்டார், மறைக்கிறார் என்றார் மருந்துக்கடைக்காரர். வீட்டில் சண்டை என்றார் சலூன்காரர். முகம் மழிக்கும்போது தாடை இறுகி இருந்ததாம். கடை வைத்திருந்தவன் மகன் படித்து டாக்டரானால் மாலை போடுவார்கள். டாக்டர் ஒருவர் கோமாளி வேஷத்துக்கு ஆசைப்பட்டால், போலீஸ் எப்போது வரும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஜனங்களின் மரியாதை இவ்வளவுதான்.

அட்டை அக்காவின் சந்தேகம் வேறு. டாக்டரின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருப்பது அவளுக்குத் தெரியும். பேஷண்ட் ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால், மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி பாவனை செய்து அதில் எழுதிக்கொள்வார். "வலி எங்க இருக்கு?" என்று கேட்டதற்கு, "இப்ப வீட்ல இருக்குது டாக்டர், இங்க வந்ததும் காணோம்" என்றார் ஒரு கிழவர், அது மூன்று மாதம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில், புனைபெயரில், கடைசிப் பக்கத்தில் வந்தது. இத்தனை வருஷமாக அவர் ஊசியால் ரத்தம் மட்டுமா எடுத்துக்கொண்டிருந்தார்? இருபத்திரண்டு வருஷத்துக் கதைகளும் அவர் பையில் இருந்தன. அவற்றில் ஒரு கதை அவளுடையது.

டாக்டர் போன மறுநாள் புது டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, சுத்தமான பேச்சு. எல்லா அட்டைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், முதலில் எண்ணிச் சரிபாருங்கள் என்றார்.

"முன்கூட்டியே சொல்லிடறேன் அக்கா. எழுத்து வேலையில ஒரு தப்பு நடந்தாலும் நான் யாரையும் வச்சுக்க மாட்டேன். எத்தனை வருஷம் இருந்தவங்கன்னெல்லாம் பார்க்க மாட்டேன். இது உயிர் சமாசாரம்."

அட்டை அக்கா தலையாட்டினாள். இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினாள். இரண்டு அட்டைகள் குறைந்தன. எந்த இரண்டு என்று அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை.

"இந்த ரெண்டு நம்பர் எங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அவங்க... வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க. அட்டையையும் கேட்டு வாங்கிட்டுப் போயிருப்பாங்க."

அந்த நேரம் பார்த்து வெளியே, "கிளட்ச்ச விடாத, விடாத" என்று வாத்தியாரின் குரல் கேட்டது. அவள் இருமி மறைத்தாள்.

மரச்சாமான் கடைக்கு மேலே இருநூறு நாற்காலி போட்ட ஒரு கூடம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேதான் டாக்டரின் நிகழ்ச்சி. முதல் மூன்றுக்கும் அட்டை அக்கா போனாள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். ஆண்கள் எப்படித் தும்முவார்கள், பெண்கள் கணவருடைய வியாதியை எப்படித் தாங்களே சொல்வார்கள் என்று டாக்டர் நடித்துக் காட்டினார். கூடம் குலுங்கியது. "எங்க கிளினிக்ல ஒருத்தங்க" என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அது வேறு யாராவதாக இருக்கும். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். கனம் இருந்தது.

நான்காவது நிகழ்ச்சிக்கு அவர் டிக்கெட்டையே வீட்டுக்கு அனுப்பினார். முதல் வரிசை, இரண்டு இருக்கை. "கட்டாயம் வாருங்கள்" என்று பின்னால் எழுதியிருந்தது. டாக்டரம்மாவுக்கும் ஒன்று வந்திருந்தது. மெக்கானிக்குக்கும் போயிருக்கிறது என்று சலூன்காரர் சொன்னார். ஒன்பது வருஷமாகக் கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதருக்கு எதற்கு டிக்கெட்? அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவர் மனைவி. வங்கியில் பெரிய உத்தியோகம், அளந்து பேசுகிறவர்.

"வாங்க அக்கா. உள்ளதான் இருக்கார். ஒரு வாரமா ரெண்டு பழைய அட்டைய வச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னால பேசிட்டு இருக்கார். உங்க கிளினிக்கோடதுதானே அது?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டர் வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பார்வையைத் தண்ணீர்ச் செம்புக்கு நகர்த்திக்கொண்டார்.

"டாக்டர், எத வேணா பேசுங்க. அந்தக் கதை மட்டும் வேண்டாம். டாக்டரம்மா என்னை ஒரு நாள் வச்சிருக்க மாட்டாங்க. தெருவுல நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது."

"உங்க வேலை போகாது அக்கா."

"அத நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை வாங்க. அங்க தெரியும்."

அவ்வளவுதான். செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சொன்ன அதே வாய். நல்லவர் என்று நினைத்தவரின் முதுகை அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். அது கொஞ்சம் கூனியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. அட்டை அக்காவுக்கு ஒரு பக்கம் கணவர். இடது காது மந்தம், அதனால் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பார். இன்னொரு பக்கம் டாக்டரம்மா. நேர் பின்னால் மெக்கானிக்கும் அவர் மனைவியும். ஓடிவிடலாம் என்றால் ஓட வழியில்லை. டாக்டர் மேடைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எங்க கிளினிக் அட்டை" என்று ஆரம்பித்தார் டாக்டர். "ரெண்டு பேர். ஒருத்தருக்கு ஒண்ணுமே இல்ல. அவர்கிட்ட, 'உங்களுக்குப் பெரிய வியாதி'ன்னு சொல்லிட்டோம். பதினோரு நாள் அவர் சாகத் தயாரானார். நம்மாளு நேர்மையானவர். மொத நாளே, ஏழு வருஷமா திருப்பித் தராம வச்சிருந்த ஏணிய எடுத்துட்டுப் போய் எதிர்வீட்ல கொடுத்துட்டார். ரெண்டாம் நாள் மச்சான்கிட்ட போய், 'ஒன் பாட்டு எனக்குப் பிடிக்காது, இருபது வருஷமா தலையாட்டினேன், மன்னிச்சுக்க'ன்னார். மூணாம் நாள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் பதவிய ராஜினாமா பண்ணினார். அத அவங்க சந்தோஷமா ஏத்துக்கிட்டாங்க, காரணமே கேக்கல. பன்னெண்டாம் நாள் நான் சொல்றேன், 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நூறு வயசு இருப்பீங்க.' அவர் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அழுதுட்டு என்ன கேட்டார் தெரியுமா? 'டாக்டர், அப்ப அந்த ஏணி?'"

கூடம் அதிர்ந்தது. பின்னாலிருந்து மெக்கானிக் எழுந்து நின்றார்.

"இன்னும் திருப்பித் தரல டாக்டர்" என்றார். "அது அவன் ஏணிதானாம்."

கைதட்டல் ஓயவே இல்லை. கணவர் தாமதமாகச் சிரித்தார். அட்டை அக்கா மட்டும் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.

"இந்த ரெண்டு தாள மாத்திக் குத்தினது யாருன்னு கேக்கறீங்களா?" என்றார் டாக்டர். "மெக்கானிக்கிட்ட, லேபுன்னு சொன்னேன். எங்க அட்டை அக்காவ, அவங்கதான்னு நம்ப விட்டேன். உண்மையில மாத்தினது நான். மத்தியானம் ரெண்டு தாளையும் கழட்டிப் பார்த்துட்டு இருந்தேன். அப்ப எனக்கு ஒரு நல்ல ஜோக் வந்துச்சு. நோட்ட எடுத்து எழுதினேன். எழுதி முடிச்ச குஷியில திருப்பிக் குத்தினேன். தாள்ல பேர் எழுதியிருக்கு, வயசு எழுதியிருக்கு. நான் படிக்கல. ஜோக்கத்தான் படிச்சுட்டு இருந்தேன். பாதகமில்ல, அந்த ஜோக்குக்கு இருபது ரூபா கொடுத்தாங்க."

சிரிப்பு. டாக்டர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"எங்க அக்கா என்ன செஞ்சாங்க? என் தலையில விழ வேண்டிய கல்லு. அவங்களே ஓடி வந்து, 'நான்தான் மாத்திட்டேன்'னு தலைய நீட்டறாங்க. 'தள்ளிக்குங்க அக்கா'ன்னு நான் சொல்லணும். நான் என்ன சொன்னேன்? 'விடுங்க அக்கா, யாருக்கும் சொல்ல மாட்டேன்.' எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை பாருங்க. அன்னிக்கே நான் வைத்தியத்த விட்டிருக்கணும். ஒரு கையில ஊசி, ஒரு கையில பேனா. ரெண்டும் குத்தும், எது யாரைக் குத்துதுன்னு தெரியாமப் போச்சு. விடறதுக்கு ஒம்பது வருஷம் ஆச்சு."

இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, மெதுவாகத் திரும்பி அட்டை அக்காவின் முகத்தைப் பார்த்தார். கணவர் நல்ல காதை அவள் பக்கம் சாய்த்தார்.

"உன்னையா சொல்றாரு?"

அவள் நம்பவில்லை என்பதுதான் உண்மை. கைதட்டலுக்காக மேடையில் ஏறினவன் எதைத்தான் சொல்ல மாட்டான்? இல்லை, தன்னைக் காப்பாற்ற இன்னொரு தடவை பிச்சை போடுகிறாரா? ஒன்பது வருஷம் பூட்டையே நம்பாதவள் ஒரு பேச்சை நம்புவாளா.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தபோது நேராக மேடைக்கு ஏறி, யாரையும் கேட்காமல் அட்டைகளை எடுத்துக்கொண்டு படிக்கட்டு விளக்கடிக்கு வந்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றினாள். இரண்டு அட்டை, உதிரியாக இரண்டு தாள். வாத்தியாரின் அட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இடது மேல் மூலையில், சாய்வாக, அவளுடைய குத்து. வாத்தியாரின் தாளை அதன்மேல் வைத்தாள். துளைமேல் துளை கச்சிதமாக உட்கார்ந்தது. மெக்கானிக்கின் அட்டையிலும் மெக்கானிக்கின் தாள் அப்படியே பொருந்தியது. அவள் சரியாகத்தான் குத்தியிருந்தாள். இரண்டு அட்டைகளிலும் நட்டநடுவில் இன்னொரு குத்து இருந்தது. நேர்க்குத்து, முரட்டுக் குத்து, பின்பக்கம் முனை துருத்திக்கொண்டு வந்த அடையாளம். அப்படி அவள் வாழ்நாளில் குத்தியதில்லை. அன்றைக்குப் பயத்தில் தாளைப் பார்த்தாளே தவிர ஊசியைப் பார்க்கவில்லை.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. கோபம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த கோபம். தங்கை மகள் கல்யாணத்தில் தாலி கட்டும்போது தான் கிளினிக்கில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்ற கணவர் நினைவுக்கு வந்தார். மகளின் கேலி நினைவுக்கு வந்தது.

டாக்டர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அக்கா, என்னை மன்னிச்சு..."

"இருநூறு பேருக்குச் சொன்னீங்க. சிரிச்சாங்க" என்றாள். "எனக்கு எப்பச் சொல்லப் போறீங்க?"

"இப்பத்தானே அக்கா மேடையில..."

"அது அவங்களுக்குச் சொன்னது. நான் டிக்கெட்டுல உக்காந்து கேட்டேன். எனக்குச் சொல்லணும்னா காலையில கிளினிக்குக்கு வாங்க. டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த இரண்டு அட்டைகளையும் டாக்டரம்மா மேசையில் வைத்தாள். டாக்டரம்மா இரண்டையும் புரட்டிப் பார்த்தார்.

"வீடு மாத்திட்டாங்கன்னு எங்கிட்ட பொய் சொன்னீங்க."

"ஆமா."

"இனிமே சொல்லாதீங்க. போய் டோக்கன் கொடுங்க."

டாக்டர் ஒன்பதரைக்கு வந்தார். முப்பத்தொன்றாம் டோக்கன். இருமுகிறவருக்கும் மூக்கொழுகும் குழந்தைக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டருக்கே உடம்புக்கு வந்துவிட்டதா என்று பெஞ்சு முழுக்க ஒரே கிசுகிசு. "இருபத்திரண்டு வருஷம் எங்கள இப்படித்தான் உக்கார வச்சீங்க" என்றார் ஒரு கிழவர், சந்தோஷமாக. அட்டை அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் முறை வந்தது. உள்ளே அனுப்பாமல், தன் மேசைக்கு முன்னால் இருந்த முக்காலியைக் காட்டினாள். புது அட்டை ஒன்றை எடுத்து, மேலே அவர் பெயரை எழுதினாள்.

"என்ன உபாதை?"

"ஒரு கல்லு அக்கா. கிட்னியில இல்ல, நெஞ்..."

அவள் பேனாவை உயர்த்தினாள். "இது மேடை இல்ல டாக்டர்."

அவர் வாயை மூடிக்கொண்டார். கையை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார். சொல்ல ஆரம்பித்தபோது குரல் வேறாக இருந்தது.

"தப்பு என்னோடது. நீங்க சரியாத்தான் குத்தியிருந்தீங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க உங்க மேல போட்டுக்கிட்டதும் எனக்கு வசதியாப் போச்சு. நீங்க தினமும் பூட்ட இழுத்துப் பார்க்கறத நான் ஜன்னல் வழியாப் பார்ப்பேன். பார்த்துட்டும் சொல்லல."

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷமா."

யார் எத்தனை நாள் சொன்னாலும் கூட்டி எழுதுகிறவள், ஒன்பது என்றே எழுதினாள். அவர் சொன்னதை வரிக்கு வரி எழுதி, அட்டையைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இதுல சிரிக்க ஒண்ணுமே இல்லையே அக்கா."

"எனக்கும் இல்ல டாக்டர். ஒம்பது வருஷமா."

அவளுக்கு அழுகை வந்தது. பெஞ்சில் பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று அடக்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பழைய அட்டைகள் இரண்டின்மேல் புது அட்டையை வைத்து, இடது மேல் மூலையில், சாய்வாக, முனை உள்ளே ஒளிந்துகொள்ளும்படி ஒரு குண்டூசியைச் செருகினாள். மன்னித்தாளா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"முப்பத்திரண்டு" என்று கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் மடக்குக் கதவைச் சாத்திப் பூட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்று படி இறங்கியதும் கால் நின்றது, நின்றுவிட்டு நடந்தது. தெருமுனையில் கணவர் காத்திருந்தார்.

"பூட்டிட்டியா?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"பூட்டிட்டேங்க."

அவர் தலையாட்டிவிட்டு விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டார். அவள் திரும்பிப் போய்விட்டு வரட்டும் என்று நின்றார். அவள் நான்கு கடை தாண்டிப் போன பிறகுதான், தான் தனியாக நிற்பது அவருக்குத் தெரிந்தது.